தகரக் குழாயில் பூசிய சீலண்ட் ஏன் உரிகிறது?



தை அறுவடை முடிந்து அரிசி ஆலைகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த சமயம். தியாகதுருகத்தில் உள்ள என் ஹார்டுவேர் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள், வெகுநாள் வாடிக்கையாளரான ஓர் ஆலை உரிமையாளர் வந்து ஒரு பையைக் கல்லாவின் மேல் கவிழ்த்தார். உள்ளிருந்து விழுந்தது சுருள் சுருளாக உரித்தெடுத்த சிலிகான் பட்டை. "அண்ணே, மூணு மாசம்கூடத் தாங்கல. இதுதான் நீங்க குடுத்த உசத்தி சரக்கா?" என்று கேட்டார். அவர் வாங்கியது 24 டியூப். தவிட்டை உறிஞ்சிச் சைக்ளோனுக்குக் கொண்டுபோகும் தகரக் குழாயின் இணைப்புகளில் பூசுவதற்காக வாங்கியிருந்தார். பூசிய இடமெல்லாம் விட்டுப்போய், தவிடு பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியின் மேல் படிந்து, அவர்கள் மனு எழுதும் அளவுக்குப் போய்விட்டது. தவிடும் காசுதான். அது காற்றில் போவது ஒரு நஷ்டம், அக்கம்பக்கத்துச் சண்டை இன்னொரு நஷ்டம்.

இப்படி ஒரு புகார் வந்தால் நம்மில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கம்பெனிப் பிரதிநிதியை வரவழைத்தேன். அவர் டியூப்பில் அச்சடித்த தேதியைப் பார்த்துவிட்டு, "சரக்கில் குறையில்லை, பூசியவர் குறை" என்றார். பூசிய தகர வேலை மேஸ்திரியோ, "முப்பது வருஷமா தகரம் மடக்குறேன். ஒரு டியூப் பிதுக்கத் தெரியாதா எனக்கு? சரக்குதான் மட்டம்" என்றார். இருவரும் போனபின் கல்லாவில் மிஞ்சியது நானும் அந்தப் பட்டைச் சுருளும்தான். இந்த மாதிரி வழக்கில் நடுவில் இருக்கும் கடைக்காரன்தான் எப்போதும் தண்டம் கட்டுகிறான். கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவோம் என்று மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு ஆலைக்குப் போய் ஏணியில் ஏறினேன். அங்கே கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். சீலண்ட் விற்பவர்களுக்கும், கடையில் ஏ.சி. டக்ட் வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரர்களுக்கும், ஆலைக்காரர்களுக்கும் பயன்படும்.

பட்டையின் முதுகைப் பாருங்கள்

உரிந்து வந்த பட்டையை நாம் வழக்கமாக மேல்பக்கம்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது தகரத்தோடு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தை. வழக்கில் யார் சொல்வது சரி என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

பட்டை முழுதாக ஒரே நாடாவாக உரிந்து, தகரத்தில் ஒரு பொட்டுகூட மிச்சம் இல்லாமல் வந்தால், சீலண்ட் தகரத்தைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். சரக்கின் பலத்துக்கு அங்கே வேலையே வரவில்லை. முதுகைத் தடவிப் பார்த்தால் பிசுக்கோ தூளோ வெள்ளைப் பொடியோ ஒட்டியிருக்கும். மாறாக, பட்டை நடுவில் கிழிந்து, பாதி ஒரு தகட்டிலும் பாதி மறு தகட்டிலும் நின்றால், பிடிமானம் நன்றாக இருக்கிறது, சீலண்டின் உடல்தான் தாங்கவில்லை. இணைப்பு ஆடுகிறது, அல்லது இடைவெளி பெரிது, அல்லது பூச்சு மெல்லியது. அங்கே முதலில் ஸ்க்ரூவோ ரிவெட்டோ போட்டு ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மூன்றாவது வகை, நாள்கணக்கில் ஆகியும் உலராமல் பிசுபிசுவென்று கையில் ஒட்டுவது. அது பெரும்பாலும் காலாவதியான அல்லது வெயிலில் கெட்டுப்போன டியூப். அந்தக் குறை நம்முடையது. வாதாடாமல் மாற்றிக் கொடுத்துவிடுவதே மரியாதை.

ஆலையில் நான் பார்த்தது முதல் வகை. பட்டையின் முதுகு முழுவதும் பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கூடிய தூள். சில இடங்களில் தூள் இல்லை, ஆனால் தகரத்திலும் பட்டையிலும் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைப் பொடி. பழுப்புக்குக் காரணம் மேஸ்திரி. வெள்ளைக்குக் காரணம் நான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பளபளப்பு வேறு, சுத்தம் வேறு

டக்ட் செய்யப் பயன்படுவது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. நம் நாட்டில் இந்தத் தகட்டுக்கு ஐ.எஸ். 277 என்றும், காற்றுக் குழாய்க்கு ஐ.எஸ். 655 என்றும் தரநிர்ணயம் உண்டு. தகட்டில் 275 ஜி.எஸ்.எம். என்று சொன்னால், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் இருக்கிறது என்று கணக்கு. பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான். 120 ஜி.எஸ்.எம். தகட்டில் பக்கத்துக்கு 8 மைக்ரானைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்த மெல்லிய போர்வைதான் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. இது மனதில் இருக்கட்டும், கம்பி பிரஷைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தகடு ஆலையிலிருந்து வரும்போதே வெள்ளையாகப் பூக்காமல் இருக்க குரோமேட் போன்ற ரசாயனப் பூச்சோ, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோ, சில சமயம் இரண்டுமோ கொடுத்து அனுப்புகிறார்கள். பிறகு பட்டறையில் மடிப்பு எந்திரத்தில் ஓட்டும்போது எந்திரத்தின் எண்ணெய் மடிப்போரம் முழுவதும் ஏறுகிறது. தூக்கி மாட்டும் ஆட்களின் கை வியர்வையும் சேர்கிறது. புதுத் தகடு கண்ணாடி போலப் பளபளக்கிறது, அதில் அழுக்கு ஏது என்று நினைத்து நேராகப் பூசுகிறார்கள். அந்தப் பளபளப்பில் ஒரு பங்கு எண்ணெய்தான். புது ஜி.ஐ. தகட்டில் எனாமல் அடித்தால் ஓரிரு வருஷத்தில் தோல் தோலாக உரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் எண்ணெய் ஒரு பங்கு என்றால், எனாமலில் உள்ள எண்ணெய்ச் சத்தும் துத்தநாகமும் சேர்ந்து சோப்புப் போன்ற ஒரு படலமாக மாறுவது இன்னொரு பங்கு. அதனால்தான் ஜி.ஐ.-க்கென்று தனி பிரைமர் விற்கிறோம். சீலண்ட் விஷயத்தில் மட்டும் அந்த எச்சரிக்கையை ஏனோ மறந்துவிடுகிறோம்.

அரிசி ஆலையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய். தவிட்டெண்ணெய் எடுப்பதே அதனால்தானே! பாலிஷர் பக்கத்துக் குழாய்களின் மேல் படியும் தூள் வெறும் தூசு அல்ல, எண்ணெய் ஊறிய தூசு. அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் தூள் போய்விடும், எண்ணெய் தகரத்தின் மேல் சீராகத் தேய்ந்து நிற்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். எங்கள் மேஸ்திரி செய்தது அதுதான். நெல் சுத்தம் செய்யும் பக்கத்தில் படிவது மண்ணும் பதருமாக இருப்பதால் அங்கே இந்தப் பிசுக்கு குறைவு. அந்தப் பக்கத்தில் பூசியது ஓரளவு நின்றிருந்ததையும் நாங்கள் பார்த்தோம். அதே டியூப், அதே கை. பிசுக்கு மட்டுமே வேறு.

சுத்தம் செய்கிறேன் என்று கெடுப்பது

நம் பக்கத்தில் எண்ணெய் எடுக்க என்றால் உடனே கை போவது மண்ணெண்ணெய்க்கு. "கிருஷ்ணாயில் போட்டுத் துடைச்சாச்சு அண்ணே" என்பார்கள். மண்ணெண்ணெயும் டீசலும் பழைய பிசுக்கைக் கரைத்துவிட்டுத் தங்கள் பிசுக்கைப் போர்த்திவிடும். பெட்ரோலில் இந்தக் குறையோடு தீ அபாயமும் சேரும். சோப்புத் தண்ணீர் நல்லதுதான், அதுவும் தவிட்டுப் பிசுக்குக்கு மிக நல்லது. ஆனால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, முழுக்கக் காயவிட வேண்டும். சோப்பு மிஞ்சினாலும் பிடிமானம் போகும்.

மழையில் நனைந்த தகடுகளை அடுக்கியபடியே வைத்தால், இடையில் தேங்கிய ஈரத்தில் துத்தநாகம் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வெள்ளைப் பொடியின் மேல் சீலண்ட் போடுவது மாவின் மேல் பசை தடவுவது போல. இதை எடுக்கச் சிலர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது வெள்ளையை எடுக்கும், துத்தநாகத்தையும் சேர்த்தே எடுக்கும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதும் அதே கதை. 8 மைக்ரான் போர்வை எத்தனை நொடி தாங்கும்? அதோடு பிரஷிலிருந்து உதிரும் இரும்புத் துகள் தகரத்தில் பதிந்து, அடுத்த மழையில் செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும். விறைப்பான நைலான் பிரஷால் தேய்த்துத் தண்ணீரில் கழுவினால் லேசான பூப்பு போய்விடும். தகடு கறுத்து இரும்பே தெரிகிறது என்றால் அந்தத் துண்டை மாற்றுவதுதான் வழி.

சரியான முறை

எங்கள் ஆலையில் இரண்டாம் முறை நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் புளோயரை நிறுத்தினோம். ஓடும்போது பூசினால் உள்காற்று சீலண்டைத் துளைத்துக்கொண்டு ஊசித்துளைகளாக வெளிவரும். தூள் வேறு பறந்து வந்து ஒட்டும். பழைய சிலிகானைக் கத்தியாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் ஒட்ட எடுத்தோம். பழைய சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது, வேறு எதுவுமே பிடிக்காது. மேலே ஒரு பூச்சு போட்டால் போதும் என்று கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகு தூளைத் தட்டி, சோப்புத் தண்ணீரால் கழுவி, அலசி, ஒரு நாள் காயவிட்டோம். மறுநாள் காலையில் கரைப்பானால் துடைத்தோம். இதற்கு இரண்டு துணி வேண்டும். முதல் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஒரு முழ நீளம் துடைக்க வேண்டும். அது ஆவியாகிப் போவதற்குள் இரண்டாவது காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துத் தானே உலரட்டும் என்று விட்டால், கரைந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே திரும்பப் படிந்துவிடும். துணி கறுத்ததும் அடுத்த துணி. திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்டில் சாயம் போகாத வெள்ளையாகப் பொறுக்கிக் கொடுத்தேன். வண்ணத் துணி என்றால் அழுக்கு தெரியாது, சாயமும் இறங்கும். துணியை டப்பாவுக்குள் முக்கக் கூடாது, துணியின் மேல்தான் ஊற்ற வேண்டும். முக்கினால் டப்பா முழுவதும் பிசுக்காகிவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. துடைத்த இடத்தில் சிறிது நல்ல தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் பாய் விரித்தாற்போல் ஒரே படலமாகப் பரவி நின்றால் எண்ணெய் இல்லை. தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். மேஸ்திரிக்கு இதைச் செய்து காட்டியபோதுதான் அவர் முகம் மாறியது. தெளித்த தண்ணீரைத் துடைத்து உலர்த்தியபின், தாமதிக்காமல் அன்றே பூச வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் ஆலைத் தூள் மறுபடி வந்துவிடும். கை ரேகை பட்டாலும் அந்த இடத்தைத் திரும்பத் துடைப்பது நல்லது.

வெயிலும் பனியும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரத்தில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை என்றால் அப்போது பூசாதீர்கள். கரைப்பான் எண்ணெயைத் தூக்குவதற்கு முன்பே ஆவியாகிவிடும், சீலண்டின் மேல்தோல் முந்திக்கொண்டு இறுகும். மார்கழிக் காலையில் தகரம் வியர்த்து நிற்கும், அதுவும் ஆகாது. பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் சொல்லும் கணக்கு. வெள்ளிமலைப் பக்கமிருந்து கூரைத் தகட்டு ஒழுகலுக்குச் சீலண்ட் வாங்க வருகிறவர்களிடம், மூடுபனி விலகித் தகடு காய்ந்தபின் பூசச் சொல்லி அனுப்புகிறேன்.

நேரம் இருந்தால் முழு வேலைக்கு முன் இரண்டு அங்குல நீளம் பூசி, நன்றாக இறுகியபின் கையால் இழுத்துப் பாருங்கள். சிலிகான் ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் உள்ளே இறுகும். அவசரப்பட்டு இழுத்தால் சோதனை பொய்யாகும்.

புளிப்பு வாடை

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். நான் கொடுத்த 24 டியூப்பும் கண்ணாடிக்கும் மீன்தொட்டிக்கும் போகும் சாதாரண வகை. பிதுக்கியதும் காடி போலப் புளிப்பு வாடை வரும். அந்த வாடை அசிட்டிக் அமிலத்தின் வாடை. இறுகும்போது வெளிப்படும் அமிலம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, துத்தநாகத்தை அரிக்கும். ஒட்ட வேண்டிய இடத்திலேயே வெள்ளைப் பொடி உண்டாகி, சுத்தம் செய்த தகரத்தில்கூடப் பிடிமானம் போய்விடும். ஜி.ஐ. தகட்டுக்கு நியூட்ரல் என்று அச்சடித்த வகைதான் கொடுக்க வேண்டும். விலை கூடுதல். வாடிக்கையாளர் விலை கேட்டுத் தயங்கியதும் நான் மலிவானதை எடுத்து வைத்தேன், வேறொன்றும் காரணமில்லை. அதனால் இரண்டாம் முறைக்கான நியூட்ரல் டியூப்களில் பாதியை என் கணக்கில் கொடுத்தேன். மேஸ்திரி அரை நாள் கூலியை விட்டுக்கொடுத்தார்.

பெரிய டக்ட் வேலைகளில் தண்ணீரில் கரையும் மாஸ்டிக் என்னும் களிம்பையும் பூசுகிறார்கள். பிரஷால் பூசலாம், அகலமாகப் பரவும், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில் வலைத்துணி வைத்துப் பூசவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர நாளாகும். இதற்கும் சுத்தம் செய்யும் முறை ஒன்றேதான்.

டக்ட் டேப் கேட்டு வருபவர்கள் நிறைய. 1998-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் டக்ட் இணைப்புகளில் பலவகைச் சீலண்டுகளையும் டேப்புகளையும் ஒட்டி, சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். ரப்பர் பசை தடவிய துணி டேப்தான் தோற்றது. பெயர் டக்ட் டேப், டக்டுக்குத்தான் ஆகவில்லை! அலுமினியத் தாள் டேப் அதைவிட மேல். அதுவும் துடைக்காத தகரத்தில் ஓரம் தூக்கும்.

உறிஞ்சும் பக்கத்தில் ஒழுகினால் வெளியில் தூள் தெரியாது. காற்றை உள்ளே இழுப்பதால் உறிஞ்சும் வேகம்தான் குறையும். ஆலைக்காரர் புளோயர் சரியில்லை என்று மோட்டாரை மாற்றப் பார்ப்பார். தள்ளும் பக்கத்தில் உள் அழுத்தம் சீலண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், சுத்தத்தில் சிறிது குறைந்தாலும் அங்கேதான் முதலில் விடும். ஏ.சி. டக்டில் தூளே இல்லாததால் எந்தக் கசிவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொய்க்கூரைக்கு மேல் குளிர்ந்து, கரண்ட் பில்லில்தான் தெரியும்.

கரைப்பான் விற்பவர்கள் கவனத்துக்கு

இதை நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். தகரம் துடைக்க மெத்தனால் தேவையே இல்லை. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தின்னரும்கூட விஷமே. கேனிலிருந்து குவார்ட்டர் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். சீல் உடையாத, பெயர் ஒட்டிய டப்பா, பில்லோடு மட்டும். சில்லறையாகக் கேட்டு வருபவர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

இன்னொன்று தீ. ஆலையில் பாய்லர் அடுப்பு அணைந்திருக்க வேண்டும், பீடி கூடாது, துடைத்த துணிகளை மூலையில் குவிக்கக் கூடாது. இதை வாயால் சொல்வதோடு பில்லின் பின்புறமும் எழுதிக் கொடுக்கிறேன்.

ஓட்டல்காரர்கள் அடுப்புக்கு மேலுள்ள புகைக்குழாய் ஒழுகுகிறது என்று சீலண்ட் கேட்டால் நான் விற்பதில்லை. அந்தக் குழாயில் ஓடுவது எண்ணெய்ப் புகை. உள்ளே படிந்த எண்ணெய் தீப்பிடித்தால் சீலண்ட் நிற்காது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 என்னும் விதியில், அத்தகைய குழாய் 16 கேஜ் இரும்பிலோ 18 கேஜ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ, எண்ணெய் கசியாதபடி முழுதும் வெல்டிங் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. வெல்டரிடம் அனுப்பிவிடுகிறேன்.

கடைக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. சிலிகான் டியூப்புக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான் ஆயுள். அதுவும் குளிர்ந்த இடத்தில் வைத்தால். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மாடித் தட்டில் அடுக்கினால் மே மாதத்திலேயே டியூப்புக்குள் கட்டிதட்டிவிடும். புதுச் சரக்கைப் பின்னால் அடுக்கி, பழைய தேதியை முன்னால் இழுங்கள். நானும் நாலு டியூப் தூக்கி எறிந்தபின்தான் கற்றேன்.

இப்போது கல்லாவுக்கு மேலே இரண்டு ஜி.ஐ. துண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரே டியூப்பிலிருந்து பூசியது. ஒன்று பட்டறையிலிருந்து வந்தபடியே, மற்றது துடைத்தபின். முதல் துண்டில் வாடிக்கையாளர் நகத்தால் நெம்பினாலே பட்டை முழுசாக வந்துவிடுகிறது, மாதம் ஒருமுறை புதிதாகப் பூசி வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் நெம்பிப் பார்த்து நகம் வலிப்பவர்கள், டியூப்போடு ஒரு டப்பா கரைப்பானும் அரை கிலோ வேஸ்ட் துணியும் கேட்காமலே சேர்த்து வாங்கிப் போகிறார்கள்.